சல்லடைக்கு மேலே நின்றவை

விருத்தாசலத்தில் பீங்கான் வேலை செய்கிறவர்கள் மண்ணைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பேசுவார்கள். சிங்காரவேல் மேஸ்திரி சலித்துப் பார்த்துவிட்டுத்தான் பேசுவார்.

அவர் வேலை பார்த்த கம்பெனி ரயில் ஜங்ஷனுக்கு அந்தப் பக்கம் இருந்தது. ஃபியூஸ் கட்டை, ஊறுகாய் ஜாடி, கொலு பொம்மை என்று சரக்கு எதுவானாலும் ஆரம்பம் அவருடைய கொட்டகைதான். வண்டியில் வந்து இறங்கும் களிமண்ணைச் சிமெண்டுத் தொட்டியில் கொட்டி, தண்ணீர் விட்டு, மோர் மாதிரி ஆகும்வரை கலக்குவார்கள். அதைச் சல்லடையில் இறக்கினால் மணலும் வேரும் மைக்காத் துணுக்கும் மேலேயே நின்றுவிடும். கீழே இறங்குகிற வெள்ளைக் குழம்புதான் பின்னால் ஜாடியாகி, பொம்மையாகி, சூளைக்குப் போகும். கம்பெனியில் யாருக்குள் என்ன தகராறு வந்தாலும் சிங்காரவேல் ஒன்றுதான் சொல்வார்.

"சல்லடைக்குக் கண்ணு இல்ல. அதனால அது ஆள் பாக்காது. பொய்யும் சொல்லாது."

இந்த நம்பிக்கையை வைத்துக்கொண்டுதான் அவர் மாயவனைத் திருடனாக்கினார்.

கம்பெனிக்குப் பின்னால், மண் எடுத்து முடித்துக் கைவிட்ட பெரிய பள்ளம் ஒன்று உண்டு. மழைத் தண்ணீர் தேங்கி, சுண்ணாம்பு கரைத்தது போல வெளுத்துக் கிடக்கும். வெள்ளைப் பள்ளம் என்றுதான் அதற்குப் பேர். அறுபத்து மூன்றாம் வருஷம் சிங்காரவேல் மீன் பண்ணையிலிருந்து ஒரு டிரம் நிறைய ஜிலேபி மீன் குஞ்சு வாங்கி வந்தார். பாதியைப் பள்ளத்தில் விட்டார். மீதியை, திட்டக்குடி பக்கத்து மங்களூரில் இருந்த மச்சான் விருத்தகிரியின் ஊர்க் குட்டைக்குக் கொண்டுபோய் விட்டார். ஒரே டிரம், ஒரே குஞ்சுகள். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும்.

ஜிலேபி மீனுக்கு ஆறு வேண்டாம், மழை வேண்டாம். தேங்கின தண்ணீரிலேயே பெருகும். பங்குனி வெயிலில் பள்ளம் வற்றி இடுப்பளவு ஆனதும் கம்பெனி ஆட்கள் அத்தனை பேரும் வலையோடு இறங்குவார்கள். பிடித்ததைக் கரையில் குவித்துக் கூறு போட்டு, வீட்டுக்கு ஒரு கூறு. குஞ்சு மீனை மட்டும் திரும்ப விட்டுவிட வேண்டும். அது வளர்ந்து அடுத்த வருஷத்துக்கு ஆகட்டும் என்பது ஏற்பாடு.

முதல் இரண்டு வருஷமும் அதில்தான் சண்டை. எது குஞ்சு, எது மீன்?

"இத குஞ்சுங்கிறியா? இது எங்க அப்பனுக்கு மூத்தது" என்று சூளையில் விறகு போடும் சாமிக்கண்ணு ஒரு மீனைத் தூக்கிப் பிடித்தால், நாலு பேர் அவர்மேல் பாய்வார்கள்.

சிங்காரவேல் யோசித்தார். இரும்புக் கம்பிகளை மூன்று விரல் இடைவெளியில் வரிசையாக வைத்து, மரச்சட்டம் அடித்து, ஆள் நீளத்துக்கு ஒரு சல்லடை செய்தார். மீனை அதன்மேல் கொட்டி இரண்டு பேர் ஆட்ட வேண்டும். உடம்பு பருத்த மீன் மேலே நிற்கும், அது கூறுக்கு. சின்னது கம்பிச் சந்தில் நழுவிக் கீழே தண்ணீர்த் தொட்டியில் விழும், அது பள்ளத்துக்கு. சண்டை அன்றோடு நின்றது. அதற்கு 'மேஸ்திரி சல்லடை' என்று பேரும் வந்தது. அதைக் கேட்கும்போதெல்லாம் அவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார், சிரிப்பு தெரியாமல் இருக்க.

ஆரம்பத்தில் சல்லடைமேல் நின்ற மீன்கள் கை அகலம் இருந்தன. ஒரு வீட்டுக் கூறை ஒரு ஆள் தூக்கிக்கொண்டு போக முடியாது. அப்புறம் வருஷம் போகப் போக, மேலே நிற்கிறவை குறைந்தன, கீழே விழுகிறவை கூடின. எழுபதுக்கு மேல், ஆட்டுகிறவர்களுக்குக் கை வலித்ததுதான் மிச்சம். கொட்டின மீனெல்லாம் கம்பிச் சந்தில் மழை மாதிரி இறங்கிவிடும்.

மீன் இல்லாமல் போகவில்லை, பெரிய மீன்தான் இல்லாமல் போனது. பெரிய மீன் மட்டும் எப்படிப் போகும்? பொறுக்கி எடுத்தால்தான் போகும். பொறுக்கி எடுக்க யாரால் முடியும்? பொழுதுக்கும் கரையில் இருக்கிறவனால்தான். சலித்த மாதிரி அவ்வளவு சுத்தமாக ஒரு பெயர் வந்து நின்றது.

மாயவன் பள்ளத்துக் காவல்காரன். கரைமேல் ஒரு குடிசை. அவனும் அவன் பெண்சாதி பாஞ்சாலையும்தான். மீன் போட்ட வருஷத்திலிருந்து கொக்கு விரட்டுவதும் ராத்திரியில் தூண்டில்காரர்களைத் துரத்துவதும் அவன் வேலை. எழுபத்திரண்டாம் வருஷம் பங்குனிக் கூறு நாளில், அத்தனை பேர் முன்னாலும், சிங்காரவேல் சல்லடைப் பக்கத்தில் நின்று கேட்டார்.

"மேல நிக்க வேண்டிய மீனு எங்க போச்சு மாயவா?"

"எனக்குத் தெரியலீங்க மேஸ்திரி. கொழம்புக்கு எப்பவாச்சும் ஒண்ணு ரெண்டு எடுத்திருக்கேன். அதும் ஒங்ககிட்ட சொல்லிட்டுத்தான். பெருசா பொறுக்கி வித்தேன்னா அது அநியாயமுங்க."

"கொக்கு தூக்கிட்டுப் போயிருக்கும்" என்றார் சாமிக்கண்ணு.

"கொக்கு சின்னதத்தான் தூக்கும். பெருசத் தூக்குற கொக்கு வேட்டி கட்டியிருக்கும்" என்றார் சிங்காரவேல்.

கரையே சிரித்தது. மாயவன் சிரிப்பு அடங்கும்வரை நின்றான். பாஞ்சாலை குடிசைக்குள் போய் ஒரு துண்டுக் கற்பூரம் எடுத்து வந்து அவன் கையில் கொடுத்தாள். அவன் அதைச் சல்லடைக்கு முன்னால் தரையில் வைத்து ஏற்றினான். "நான் திருடலீங்க" என்று சொல்லி, எரிகிற கற்பூரத்தின்மேல் உள்ளங்கையை ஓங்கி அடித்து அணைத்தான். கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்துவிட்டால் அதற்குமேல் ஒருத்தனைக் கேள்வி கேட்க மாட்டார்கள். ஊர் வழக்கம் அது.

சிங்காரவேலுக்கு நாக்கு நிற்கவில்லை.

"இவ்வளவு வேகமா அணைச்சா யாருக்குத்தான் சுடும் மாயவா?"

இந்தத் தடவை இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள். மறுநாள் காலையில் குடிசை காலியாகக் கிடந்தது. சேத்தியாத்தோப்புப் பக்கம் ஏதோ ரைஸ்மில்லில் வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

சிங்காரவேல் வீட்டில் இந்தக் கதையை நடித்துக் காட்டினார். அவர் மனைவி கமலம் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள். கற்பூரப் பேச்சு வந்ததும், "அவன் சிரிச்சானா?" என்று மட்டும் கேட்டாள். அவர் சோறு போடச் சொன்னார்.

அவர் தன்னை நியாயமானவர் என்று நம்புகிறவர். அதனால் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போனார். அங்கே பிராது கட்டுவது இந்தச் சீமையில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுப்பதுபோலவே சாமிக்குக் குறையை எழுதிச் சன்னிதியில் கட்டிவிட்டு வருவார்கள், சாமி விசாரித்துக்கொள்ளும். சிங்காரவேல் மாயவன் பெயரைப் போடவில்லை. தாமே தீர்ப்புச் சொல்லக் கூடாதாம். 'வெள்ளைப் பள்ளத்துப் பெரிய மீன்களை இல்லாமல் ஆக்கினவன் எவனோ, அவனை விசாரிக்க வேணும்' என்று எழுதிக் கட்டினார்.

புதுக் காவலுக்கு நல்லமுத்து வந்தான். அவனுக்கு மீன் என்றாலே ஆகாது, வாடை அடித்தால் சோறு இறங்காது. அவனையும் நம்பாமல் கம்பெனி ஆட்கள் முறை வைத்துக் கரையைச் சுற்றி வந்தார்கள். எறும்புகூட மீன் எடுத்துப் போயிருக்க முடியாது. எழுபத்துமூன்று பங்குனியில் சல்லடையை ஆட்டினார்கள். போன வருஷத்தைவிடக் குறைவாகத்தான் மேலே நின்றது.

"நல்லமுத்துக்கு மீன் வாடை ஆவாதுன்னானே, காசு வாடை ஆவுமோ என்னவோ" என்று சாமிக்கண்ணு ஆரம்பித்தார். நாலு பேர் நல்லமுத்துவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் முகத்தில் சிங்காரவேல் மாயவனின் முகத்தைப் பார்த்தார். "சும்மா இருங்கய்யா" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

கூறு இப்போதெல்லாம் ஒரு சட்டிக்குத்தான் வந்தது. போதாக்குறைக்குச் சல்லடையில் இறங்கின பொடி மீன் கொஞ்சத்தையும் அள்ளிக் கொண்டுவந்திருந்தார். கமலம் வாசலில் உட்கார்ந்து ஆய்ந்தாள்.

"இந்தக் கூத்தப் பாருங்க" என்று கூப்பிட்டாள். "வெரல் நீளம்கூட இல்ல, வயித்துல சினை. பாவாட கட்டுற வயசுல புள்ளத்தாச்சி ஆன மாதிரி."

ஒரு பொடி மீனின் வயிற்றில் மஞ்சள் முட்டை நெருக்கிக்கொண்டு கிடந்தது. அடுத்ததைக் கீறினாள். அதிலும் சினை. இவற்றைத்தானே குஞ்சு குஞ்சு என்று இத்தனை வருஷம் திரும்ப விட்டுக்கொண்டிருந்தார்? இது குஞ்சு இல்லை. இது தாய்.

அவருக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி மங்களூர் போனார். விருத்தகிரி குட்டையில் தூண்டில் போட்டு இழுத்துக் காட்டினான். கை அகலம். அதே டிரம்மில் வந்த மீனின் வம்சம்.

"ஒங்க ஊரு தண்ணி சத்தில்ல மாமா, வெறும் சுண்ணாம்பு" என்றான் விருத்தகிரி. "நீங்களே வத்தலாத்தான் இருக்கீங்க."

அதுவாகவும் இருக்கலாம். தண்ணீர் மோசமாக இருக்கலாம், தீனி பற்றாமல் இருக்கலாம். நெருக்கடியில் ஜிலேபி மீன் வளராமல் குறுகிவிடும் என்று அவரும் கேள்விப்பட்டிருந்தார். எதுவென்று தெரிய ஒரே வழிதான் உண்டு. இரண்டு இடத்து மீனையும் ஒரே தண்ணீரில் விட்டுப் பார்க்க வேண்டும்.

கொட்டகையில் பழைய சிமெண்டுத் தொட்டிகள் இரண்டு சும்மா கிடந்தன. இரண்டையும் கழுவி, ஒரே கிணற்றுத் தண்ணீரை நிரப்பினார். ஒன்றில் பள்ளத்துக் குஞ்சு, ஒன்றில் மங்களூர்க் குஞ்சு, ஜிலேபித் தாய் வாய்க்குள் வைத்துக் காத்து அப்போதுதான் வெளியே விட்டவை. எண்ணி ஒரே கணக்கில் விட்டார், நெருக்கடியும் சமமாக இருக்கட்டும் என்று. தவிட்டையும் புண்ணாக்கையும் ஒரே சட்டியில் பிசைந்து பாதிப் பாதியாகப் போட்டார். காலையும் சாயங்காலமும் தொட்டி ஓரத்தில் குந்திவிடுவார். அந்த மாதங்களில் அவருக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லாமல் விடக் கூடாது. ஒரு விஷயம் எப்படி நடக்கிறது என்று கண்ணால் பார்ப்பதைவிடப் பெரிய ருசி அவருக்கு எதிலும் இருந்ததில்லை. மாயவனையே மறந்துவிட்டார்.

ஆடி முடிவதற்குள் விஷயம் தெரிந்துவிட்டது. மங்களூர்த் தொட்டியில் மீன்கள் தின்றன, வளர்ந்தன, வேறு சிந்தனை இல்லை. பள்ளத்துத் தொட்டியில் விரல் நீளம் வந்ததுமே ஆண் மீன்கள் தரையைச் சுரண்டிக் குழி பறிக்க ஆரம்பித்துவிட்டன. ஒருநாள் அவருடைய நிழல் தண்ணீர்மேல் விழுந்தது. அவர் நடுவிரல் அளவுகூட இல்லாத ஒரு பெட்டை மீன் வாயைத் திறந்தது. சுற்றி நீந்திக்கொண்டிருந்த கடுகுக் குஞ்சுகள் அத்தனையும் ஓடி வந்து அதன் வாய்க்குள் புகுந்துகொண்டன. தாய் வாயை மூடிக்கொண்டு அசையாமல் நின்றது. வாயில் பிள்ளை இருக்கும் நாட்களில் அது சரியாகத் தின்னவும் தின்னாது. அப்புறம் எங்கே வளர்வது?

சிங்காரவேல் தொட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தார். முழுக்கணக்கும் அப்போதுதான் கூடிவந்தது.

மீனுக்குக் கிடைக்கிற தீனி கொஞ்சம். அதை உடம்பு வளர்க்கவும் செலவழிக்கலாம், சினை பிடிக்கவும் செலவழிக்கலாம். எல்லா மீனும் ஒரே மாதிரி செலவழிப்பதில்லை. அண்ணன் தம்பிக்குள் உயரம் மாறுவதுபோல இதுவும் பிறப்பிலேயே கொஞ்சம் கொஞ்சம் மாறும். சிலது முதலில் வளர்ந்து அப்புறம் பிள்ளை பெறும். சிலது அவசரப்பட்டுச் சின்ன வயதிலேயே பெற்றுவிட்டு, குள்ளமாகவே நின்றுவிடும். பிள்ளைகளும் அம்மா அப்பா மாதிரி. மங்களூர்போலச் சல்லடை போடாமல் சும்மா விட்ட குட்டையில், பெரிதாக வளர்ந்தவனுக்குத்தான் யோகம். குழி பறிக்க நல்ல இடத்தைப் பெரிய ஆண் பிடித்துக்கொள்ளும், சின்னதை முட்டித் துரத்தும். கொக்குக்கும் சின்னதுதான் இரை. அங்கே அவசரக்காரன் பிள்ளைகள் அதிகம் தேறாது.

வெள்ளைப் பள்ளத்தில் கொக்கை மாயவன் விரட்டிவிட்டான். கொக்குக்குப் பதிலாகச் சிங்காரவேல் ஒரு சல்லடையைக் கொண்டுவந்து வைத்தார். அது வருஷா வருஷம் வளர்ந்தவனைப் பார்த்துத் தூக்கியது. அவசரமாகப் பெற்றுவிட்டுக் குள்ளமாக நின்றவன் கம்பிச் சந்தில் நழுவிப் பள்ளத்துக்குத் திரும்பினான். அடுத்த மழைக்குப் பள்ளத்தை நிரப்பினது அவன் பிள்ளைகள். அதிலும் கொஞ்சம் வளர்ந்ததைச் சல்லடை எடுத்துக்கொண்டது, மிச்சத்தின் பிள்ளைகள் நிரப்பின. ஜிலேபி வருஷத்துக்கு இரண்டு மூன்று தலைமுறை ஓட்டிவிடும். எந்த மீனும் சுருங்கவில்லை. எந்த மீனும் யோசித்து ஒரு முடிவுக்கு வரவில்லை. யார் பிள்ளைகள் மிஞ்சுவது என்பதுதான் மாறிவிட்டது.

மண்ணை எத்தனை வருஷம் சலித்தாலும் மண் மாறாது, சலிப்பது அதைப் பிரிக்கும், அவ்வளவுதான். ஏனென்றால் மண் குட்டி போடாது. மீன் போடும். வாழ்நாள் முழுக்க மண் சலித்தவனுக்கு இந்த ஒரு வித்தியாசம் தோன்றவில்லை. பள்ளத்துப் பெரிய மீன்களைத் தூக்கினவன் சல்லடையைக் கையில் பிடித்துக்கொண்டு, கரையில், எல்லார் முன்னாலும், பகலிலேயே தூக்கியிருக்கிறான்.

தொட்டித் தண்ணீரில் அவர் முகம் தெரிந்தது. காது மடல் சூடாகி, அந்தச் சூடு கழுத்து வழியாக இறங்கியது. வேட்டி கட்டின கொக்கு என்று சொன்னதும், கரை சிரித்ததும், கமலம் கேட்ட கேள்வியும் வரிசையாக வந்தன. அன்றைக்கு அவர் மீன்களுக்குத் தீனி போட மறந்தார்.

சரி, சொல்ல வேண்டும். யாரிடம் சொல்வது? அவர் சுலபமான ஆளிடம் போனார். கொளஞ்சியப்பரிடம்.

கட்டின பிராதைத் திரும்பப் பெறவும் முறை உண்டு. 'ராஜி ஆகிவிட்டது, பிராதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்' என்று எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுக்கிற பெரியவர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு விவரம் கேட்டார்.

"ஆளு கெடைச்சிட்டானா?"

"கெடைச்சிட்டான்."

"ஒத்துக்கிட்டானா?"

பின்னால் நின்ற ஒரு அம்மாள், "சீக்கிரம் சொல்லுங்கண்ணே, பஸ்ஸு போயிடும்" என்றாள்.

"இன்னும் இல்லீங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டார். சாமியோடு ராஜி ஆவதற்கு என்ன இருக்கிறது? கற்பூரம் அணைத்தது சாமி இல்லையே.

அதற்குமேலும் அவர் உடனே போகவில்லை. ஐப்பசி மழை என்றார், கார்த்திகையில் சூளை வேலை என்றார். தை மாதத்தில்தான் சேத்தியாத்தோப்புக்குப் பஸ் ஏறினார்.

ரைஸ்மில் களத்தில் அவித்த நெல் காய்ந்துகொண்டிருந்தது. மாயவன் காலால் நெல்லைக் கிளறிக்கொண்டு நடந்தான், இரண்டு வருஷத்தில் முன்தலை நரைத்துவிட்டிருந்தது. பாஞ்சாலை களத்தின் ஓரத்தில் கூட்டிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்தாள், பார்த்துவிட்டுத் தொடர்ந்து கூட்டினாள். 'வாங்க' என்று சொல்லவில்லை. வீடு தேடி வந்த விரோதியைக்கூட 'வாங்க' என்று சொல்கிற ஊர் இது.

"மாயவா, ஒரு விசயம் சொல்லணும்" என்றார் சிங்காரவேல்.

"சொல்லுங்க."

அவர் ஆரம்பித்தார். முதலில் வார்த்தை தட்டித் தட்டித்தான் வந்தது. டிரம், மங்களூர், தொட்டி என்று போகப் போகச் சூடு பிடித்துவிட்டது. களத்தில் குந்தி, நெல்லை விலக்கி, விரலால் பெரிய மீனும் சின்ன மீனும் வரைந்து, நடுவில் கம்பி போட்டுக் காட்டினார். "இது வளந்துட்டு அப்பறம் புள்ள பெறுது, இது அவசரக்காரன், பாத்தியா, இவன் சந்துல பூந்துடறான், அப்ப அடுத்த வருசம் யாரு புள்ள இருக்கும்?" என்று கேட்டு, பதிலுக்காக ஆவலோடு நிமிர்ந்து பார்த்தார்.

மாயவன் படத்தைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சிங்காரவேலுக்குத் தன் விரல் தெரிந்தது. தன் முகத்தில் இருந்த சிரிப்பும் தெரிந்தது. மன்னிப்புக் கேட்க வந்த இடத்தில் பாடம் நடத்திக்கொண்டிருக்கிறார். நெல்லைத் தள்ளி மீன்களை மூடினார்.

"அப்ப மீனு வந்து சாட்சி சொல்லிடிச்சி" என்றான் மாயவன்.

"ஆமா."

"நான் சொன்னப்ப பத்தல."

காற்றில் தவிட்டு மணம் வந்தது. பாஞ்சாலையின் துடைப்பம் நின்றிருந்தது.

"தப்புதான் மாயவா. காவலுக்கு நீயே திரும்ப..."

"காவலெல்லாம் வாணாங்க" என்றான் அவன். "இந்த வாட்டி கூறு எப்ப?"

"பங்குனி மொத வாரம்."

"நாங்க வாங்கிட்டிருந்தது இந்த ஊரு மீன்காரிகிட்ட. அவ தங்கச்சி ஒங்க கம்பெனிக்காரங்க வூட்டுல வாழ்க்கப்பட்டிருக்குது. மீனு வாங்கப் போனா, 'வித்தவன் வாங்க வந்துட்டான்'னு சொல்லிச் சிரிக்கிறா. இவ மீனு வாங்கியே ஒரு வருசம் ஆவுது." பாஞ்சாலை பக்கம் கையைக் காட்டினான். "எங்ககிட்ட சொல்லி இன்னா ஆவப் போவுது மேஸ்திரி? எங்களுக்குத்தான் மின்னயே தெரியுமே. சிரிச்சாங்களே, அவங்ககிட்ட சொல்லுங்க. அதே எடத்துல."

திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார இடம் இருந்தது. அவர் நின்றுகொண்டே வந்தார்.

பங்குனி வந்தது. பள்ளம் வற்றியது. வலை போட்டு அள்ளிய மீன் கரையில் வெள்ளிக் காசு மாதிரி குவிந்தது, எல்லாம் பொடி. சாமிக்கண்ணுவும் இன்னொருவரும் சல்லடையின் இரண்டு பக்கமும் பிடித்து நின்றார்கள். பஸ் ரோட்டிலிருந்து வரும் ஒற்றையடிப் பாதையில் மாயவனும் பாஞ்சாலையும் வந்து, கூட்டத்தில் சேராமல், பழைய குடிசை இருந்த மேட்டில் நின்றார்கள். ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஆட்டாதீங்க" என்றார் சிங்காரவேல். "ஒரு வார்த்த சொல்லணும்."

இந்தத் தடவை அவர் படம் வரையவில்லை. "பெரிய மீன மாயவன் எடுக்கல. இந்தச் சல்லட எடுத்திச்சி. இதச் செஞ்சவன் நான். பெருசத் தின்னுட்டு குள்ளத்த மட்டும் வெதைக்கு வுட்டோம், குள்ளமே வெளைஞ்சிருக்குது. நான் அவனத் திருடன்னு சொன்னது பொய்யி."

சாமிக்கண்ணுவுக்கு மௌனம் தாங்காது.

"அப்ப சல்லடையத்தான் ஸ்டேஷன்ல புடிச்சிக் குடுக்கணும்" என்றார். கூட்டம் சிரித்தது. நல்ல மனசோடுதான் சிரித்தார்கள். "வுடுங்க மேஸ்திரி" என்றார் ஒருவர். "மீனு விசயத்துக்குப் போயி மனசப் போட்டு ஒழப்பிக்கிட்டு." இன்னொருவர் அவர் தோளைத் தட்டிக் கொடுத்தார். "தெரிஞ்சா செஞ்சீங்க?"

அந்தத் தட்டல்தான் அவரைக் குன்ற வைத்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால், இதே இடத்தில், ஒரு மனிதன் கற்பூரம் அணைத்துக் கேட்டும் கிடைக்காத நம்பிக்கை இவருக்கு ஒரு நொடியில் கிடைத்துவிட்டது. கேட்காமலே கிடைத்துவிட்டது. மேஸ்திரி என்பதால் பொடி மீனைப்போலச் சந்தில் நழுவித் தப்ப விடுகிறார்கள்.

அவர் இடுப்பிலிருந்து ஒரு சிறு பொட்டலத்தை எடுத்தார். கற்பூரத்தைச் சல்லடைக்கு முன்னால் தரையில் வைத்து ஏற்றினார். சிரிப்பு நின்றது.

"நான் சொன்னது பொய்யி. அவன் சொன்னது நெசம்" என்றார். கையை ஓங்கி அடித்தார்.

எவ்வளவு வேகமாக அடிக்க முடியுமோ அவ்வளவு வேகமாகத்தான் அடித்தார். சுட்டது. உருகின கற்பூரம் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டு, கையை எடுத்த பிறகும் சுட்டது. யாருக்குத்தான் சுடும் என்று அவர் கேட்டதற்கு, இரண்டு வருஷம் கழித்துப் பதில் கையிலேயே இருந்தது. அதை மாயவன் அன்றைக்கே தெரிந்துகொண்டு, முகத்தில் காட்டாமல் நின்றிருக்கிறான்.

அவர் மேட்டைப் பார்த்தார். மாயவன் இறங்கி வந்தான். அருகில் வந்து அவர் கையைப் பார்த்தான். தொடவில்லை.

"மீனு சாவுது மேஸ்திரி" என்றான். "வுடறத சீக்கிரம் வுடுங்க."

சல்லடை ஆடியது. மேலே நின்றது ஒரு கூடைகூடத் தேறாது.

"இன்னைலேர்ந்து மேல நிக்கிறது பள்ளத்துக்கு. கீழ வுழறது கூறுக்கு" என்றார் சிங்காரவேல்.

"முள்ளையா திங்கச் சொல்றீங்க?" என்று யாரோ முனகினார்கள். மங்களூரிலிருந்தும் இரண்டு டிரம் கொண்டுவந்து விடப்போவதாக அவர் சொன்னார். ஆனாலும் பழைய மீன் திரும்ப வர எத்தனை வருஷம் ஆகும் என்று அவரால் சொல்ல முடியவில்லை. குறைத்தது சல்லடை. ஆட்டினால் போதும், அது தானாக வேலை செய்தது. கூட்டுவதற்கு அதைத் தலைகீழாக்கினாலும் கொஞ்சம்தான் உதவும், கீழே விழுவதில் இனிமேல் வளரப் போகிற குஞ்சும் இருக்கும், அதைச் சல்லடை பிரிக்காது. பெரிதாய் இருப்பதற்குப் பள்ளம் தரும் சின்னச் சின்ன லாபத்தை நம்பி, பெரிய மீனில் கை வைக்காமல் காத்திருக்க வேண்டும்.

மேலே நின்ற மீன்களைக் கூடையில் அள்ளிக்கொண்டு அவரே சேற்றில் இறங்கினார். சுட்ட கையைத் தண்ணீரில் வைத்து, மீன்களை ஒவ்வொன்றாக நழுவ விட்டார். வெளுத்த தண்ணீர், விட்ட இடத்திலேயே மீன் மறைந்தது.

கரையேறி வந்தபோது கூறு போட ஆரம்பித்திருந்தார்கள். வழக்கத்தைவிட ஒரு கூறு அதிகமாக இருந்தது. வைத்தது யார் என்று அவருக்குத் தெரியவில்லை, அவர் வைக்கச் சொல்லவில்லை. பாஞ்சாலை மேட்டிலிருந்து இறங்கி வந்து அந்தக் கூறைப் பார்த்தாள். எல்லாம் விரல் நீளம்.

"இதுக்குத்தானா" என்றாள். யாரிடம் என்று இல்லாமல் சொன்னாள்.

முந்தானையை விரித்து மீனை அள்ளிக் கட்டிக்கொண்டாள். சிங்காரவேல் பக்கம் திரும்பாமல், ஆனால் அவருக்குக் கேட்கும்படி, "போயிட்டு வரோம்" என்றாள். இரண்டு பேரும் ஒற்றையடிப் பாதையில் பஸ் ரோட்டுக்கு நடந்தார்கள்.

"போயிட்டு வாங்க" என்று அவர் சொன்னபோது அவர்கள் தூரத்தில் போய்விட்டிருந்தார்கள்.